பெடல் முதல் மிதியில் தரை வரை போகிறது: மாரிஸ் மைனர், நாலு சக்கரமும் டிரம் பிரேக்

சத்துவாச்சாரி மைனர் கேட்டது:

வணக்கம். வண்டி 1955 மாரிஸ் மைனர். முன் கண்ணாடி நடுவில் கம்பி வைத்து இரண்டாகப் பிரிந்திருக்குமே, அந்த மாடல். 803 சிசி. ஊருக்குத் திரும்பிப் போன ஒரு வெள்ளைக்கார டாக்டரிடமிருந்து 1971-ல் எங்கள் நைனா வாங்கியது. தெருவில் அப்போது கார் வைத்திருந்தவர்கள் இரண்டே பேர். அதனால் நைனாவுக்கே 'மைனர்' என்று பெயர் ஒட்டிக்கொண்டது. மனுஷன் பரம சாது. அந்தப் பெயருக்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தம்.

அவர் போனபிறகு 11 வருடம் வண்டி ஷெட்டிலேயே நின்றது. போன தை மாதம்தான் வெளியே இழுத்தோம். இன்ஜினுக்கு ஒரு வாரத்தில் உயிர் வந்துவிட்டது. பிரேக்தான் என் உயிரை வாங்குகிறது.

இதுவரை செய்தது: முன்னால் சக்கரத்துக்கு இரண்டு, பின்னால் ஒன்று, ஆக ஆறு வீல் சிலிண்டர், அதாவது பிரேக் ஷூவை டிரம்மோடு சேர்த்துத் தள்ளுவது. ஆறுக்கும் புது ரப்பர் கப். பெடலை மிதித்தால் எல்லாச் சக்கரத்துக்கும் ஆயிலைத் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டருக்கும் ரப்பர் கிட் மாற்றியாயிற்று. சாமான் எல்லாம் சென்னை புதுப்பேட்டையில் தேடிப் பிடித்தது. மூன்று ஹோஸும் புதிது. ஷூவுக்கு (சக்கரத்தோடு சுற்றும் டிரம்மை உள்ளிருந்து பிடிக்கும் வளைந்த தகடு) லைனிங் புதிதாக அடித்தோம். அப்புறம் ஏர் எடுத்தோம், அதாவது பிரேக் குழாயில் மாட்டிக்கொண்ட காற்றை வெளியேற்றினோம். பெடல் தரைக்குப் போனது. மறுபடி எடுத்தோம். மறுபடி போனது. இப்படி நாலு தடவை. மெக்கானிக் ஒவ்வொரு தடவையும் "இன்னும் ஏர் இருக்கு சார்" என்கிறார். இரண்டு லிட்டர் பிரேக் ஆயில் காலி. இவ்வளவு ஏர் எங்கிருந்துதான் வருகிறது? பாலாற்றிலிருந்து குழாய் போட்டிருக்கிறதா?

கடைசி இரண்டு தடவை வீட்டிலேயே நானும் மனைவியும் எடுத்தோம். எனக்கு மருந்துக்கடை. ஏர் வெளியே வரும் நிப்பிளில் மாட்ட டிரிப் செட் குழாயையே வெட்டிக்கொண்டேன், கச்சிதமாக உட்கார்ந்தது. மறுமுனை பழைய சலைன் பாட்டிலில், அடியில் ஆயில் ஊற்றி அதற்குள் முங்கியபடி. குழாயில் குமிழி வருகிறதா என்று டிரிப் ஏறும்போது பார்ப்பதுபோலவே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசித் தடவை நாலு சக்கரத்திலும் ஒரு குமிழிகூட இல்லை. ஆனாலும் பெடல் போகிறது.

போன ஞாயிற்றுக்கிழமை கிரீன் சர்க்கிள் பக்கம் முன்னால் டவுன் பஸ் நின்றது. மிதித்தேன், கால் தரையில் இடித்தது. இரண்டாவது மிதியில் பிடித்தது. அதற்குள் கை தானாக ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டது. பஸ்ஸுக்கும் பம்பருக்கும் நடுவில் ஒரு முழம் இருந்திருக்கும். பின் சீட்டிலிருந்த மகள் "தாத்தா காப்பாத்தினார்" என்கிறாள். தாத்தாவையே எத்தனை தடவை தொந்தரவு செய்வது?

மாஸ்டர் சிலிண்டரை மறுபடி கழற்றலாம் என்கிறார் மெக்கானிக். கழற்றவேண்டுமா?

---

ஆட்டோநகர் பையன்:

அண்ணா, எதுக்கு இந்த வேதனை? முன்னால டிஸ்க் போட்டுடுங்க. வேலை முடிஞ்சது.

---

ராணிப்பேட்டை பழைய கராஜ்:

தம்பி, மாஸ்டர் சிலிண்டரைத் தொடாதே. அது டிரைவர் கால் மிதிக்கு அடியில், சேஸிஸ் உள்ளே இருக்கிறது. அதன் போல்ட்டை உருவப் போனால் குறுக்கே டார்ஷன் பார் (ஸ்பிரிங்குக்குப் பதிலாக முறுக்கிக் கொடுக்கும் கம்பி) நிற்கும். பாரைத் தளர்த்தி நகர்த்தினால்தான் போல்ட் வெளியே வரும். ஒரு தடவை கழற்றியவன் இரண்டாவது தடவை கழற்ற ஆசைப்படமாட்டான். உன் மெக்கானிக் ஆசைப்படுகிறார் என்றால், முதல் தடவை கழற்றியது அவரிடம் வேலை செய்யும் பையனாக இருக்கும்.

நான் அம்பாசிடர், பியட், ஸ்டாண்டர்டு என்று 40 வருஷம் டிரம் பிரேக்கோடு குடும்பம் நடத்தியவன். மைனரும் நாலைந்து பார்த்திருக்கிறேன். ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் அந்தக் காலத்தில் விற்ற பேபி ஹிந்துஸ்தான் இந்த மைனர்தானே. நீ எழுதியதில் ஒரு வரி போதும் எனக்கு: "இரண்டாவது மிதியில் பிடித்தது."

ஸ்பேனர் எடுப்பதற்கு முன் இந்த மூன்றையும் செய்து பார்த்துச் சொல்.

ஒன்று, வண்டி நிற்கும்போது பெடலை டக் டக்கென்று மூன்று தடவை மிதி. மூன்றாவது மிதியில் உயரமாக வந்து நிற்கும். நின்ற இடத்தில் கல் மாதிரி இருக்கிறதா, பஞ்சு மாதிரி அமுங்குகிறதா? பஞ்சு என்றால் ஏர். கல் என்றால் ஏர் இல்லை, ஷூ டிரம்மை விட்டு ரொம்பத் தள்ளி நிற்கிறது.

இரண்டு, அப்படி மிதித்து நிறுத்திய பெடலை ஒரு நிமிஷம் அழுத்திக்கொண்டே இரு. மெல்ல மெல்லக் கீழே இறங்கினால் எங்கேயோ ஒழுகுகிறது, இல்லையென்றால் மாஸ்டர் கப் உள்ளுக்குள்ளேயே விடுகிறது.

மூன்று, கொஞ்ச நேரம் விட்டு ஹேண்ட் பிரேக்கை நன்றாக இழுத்துவைத்துக்கொண்டு முதல் மிதி மிதி. அது இழுப்பது பின் ஷூவைத்தான். இழுத்தபிறகு பெடல் உயரமாக வந்தால் கோளாறு பின்னால். மாற்றமே இல்லையென்றால் முன்னால்.

டிஸ்க் தம்பிக்கு: பிரேக் சரியில்லை என்று காலை வெட்டிவிட்டுச் செயற்கைக் கால் வைப்பதா? இந்த வண்டி நல்ல டிரம்மில் நல்லாவே நிற்கும்.

---

சத்துவாச்சாரி மைனர்:

ஐயா, ரொம்ப நன்றி. கடை சாத்திவிட்டு வந்து ராத்திரி பத்து மணிக்குச் செய்தேன்.

மூன்றாவது மிதியில் பெடல் பாதி உயரத்தில் நின்றது, கல்தான். பஞ்சு இல்லவே இல்லை. கடிகாரம் பார்த்து ஒரு நிமிடம் அழுத்தினேன், இறங்கவில்லை, தொடைதான் நடுங்கியது. ஹேண்ட் பிரேக் இழுத்து மிதித்தால் அரை அங்குலம்கூட வித்தியாசமில்லை.

அப்போ முன்னால்தானா? ஆனால் மெக்கானிக் நாலு சக்கரத்திலும் ஷூ இடைவெளியை அட்ஜஸ்ட் செய்துவிட்டாரே. நான் பக்கத்தில்தான் நின்றேன். டிரம் ஓட்டை வழியாக ஸ்க்ரூ டிரைவரை விட்டு இறுக்கி, சக்கரம் நின்றதும் ஒரு பல், அதாவது திருகின் ஒரு 'கிளிக்', பின்னால் விட்டார். நாலுக்கும் அப்படியே.

---

ராணிப்பேட்டை பழைய கராஜ்:

நாலுக்கும் அப்படியே. அங்கேதான் இருக்கிறது வினை.

பின் சக்கரத்துக்கு ஒரே அட்ஜஸ்டர். முன் சக்கரத்துக்கு இரண்டு. ஒவ்வொரு ஷூவுக்கும் தனி சிலிண்டர் என்று நீயே எழுதியிருக்கிறாய். அதேபோல ஒவ்வொரு ஷூவுக்கும் தனி அட்ஜஸ்டர். ஆனால் டிரம்மில் ஓட்டை ஒன்றுதான். ஒரு அட்ஜஸ்டரை முடித்துவிட்டு, டிரம்மைப் பாதிச் சுற்று சுற்றினால்தான் இரண்டாவது அந்த ஓட்டைக்கு நேராக வரும். தெரியாதவன் முதலாவதை இறுக்குவான். சக்கரம் நிற்கும். சரி, முடிந்தது என்று அடுத்த சக்கரத்துக்குப் போய்விடுவான். இரண்டாவது ஷூ அப்படியே உள்ளே படுத்துக் கிடக்கும். முதல் மிதியில் போகிற ஆயில் எல்லாம் அந்த ஷூவை டிரம் வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்கே சரியாகிவிடும். இரண்டாவது மிதிக்குத்தான் அழுத்தம் மிஞ்சும். உன் கதை இதுதான் என்று நினைக்கிறேன். பார்த்துவிட்டுச் சொல்.

எப்படி என்றால், பின் சக்கரத்துக்குக் கல் வை. முன் பக்கம் ஜாக்கி போட்டுத் தூக்கி, கீழே ஸ்டாண்டு கட்டாயம். ஜாக்கியை மட்டும் நம்பாதே. சக்கரத்தைக் கழற்றிவிடு, வெளிச்சம் கிடைக்கும். டார்ச் அடித்து ஓட்டை வழியாகப் பார்த்துக்கொண்டே டிரம்மைச் சுற்று. காடி வெட்டிய திருகுத் தலை தெரியும். வலப்பக்கம் திருகு, டிரம் அசையாமல் நிற்கும் வரைக்கும். நின்றதும் உள்ளே போய்ப் பெடலை ஒரு தடவை பலமாக மிதி. ஷூ நடுவுக்கு வந்து உட்காரும். திரும்ப வந்து பார்த்தால் இன்னும் ஒரு பல் போகும். அதையும் இறுக்கி, ஒரே ஒரு பல் பின்னால். டிரம் கையால் சுற்ற வேண்டும். லேசாக உரசுகிற சத்தம் கேட்டால் பரவாயில்லை, பிடிக்கக் கூடாது. அப்புறம் பாதிச் சுற்று, இரண்டாவது.

பின்னால் அட்ஜஸ்ட் செய்யும்போது ஹேண்ட் பிரேக் கேபிளை முழுக்கத் தளர்த்திவிட்டுச் செய். நிறையப் பேர் ஷூவை விட்டுவிட்டுக் கேபிளை முறுக்கி வைத்துவிடுவார்கள். அது பூசி மெழுகுகிற வேலை.

இன்னொன்று. இனிமேல் ஏர் எடுப்பதானால் பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டை வை. 11 வருஷம் நின்ற வண்டியில் மாஸ்டர் சிலிண்டரின் உள்பக்கம் பிஸ்டன் தினமும் ஓடுகிற இடம் மட்டும் பளபளவென்று இருக்கும். அதற்கு அப்பால் துரு. தரை வரைக்கும் மிதித்தால் புதுக் கப்பின் உதடு அந்தத் துருவில் போய்க் கிழியும். உனக்கு ஒரு நிமிஷம் பெடல் நின்றது என்றால் பிழைத்துக்கொண்டாய்.

---

காட்பாடி லேத்:

பெரியவர் சொன்னதுதான் சரி. நான் டிரம் கடைகிறவன் என்பதால் ஒன்று மட்டும் சேர்க்கிறேன். புது லைனிங் அடித்ததாகச் சொன்னீர்களே, டிரம் கடைந்தீர்களா? கடைந்தால் டிரம் உள்வட்டம் பெரிதாகும். லைனிங்கின் வளைவு பழைய வட்டத்துக்கே இருந்தால் ஷூ முழுக்கப் படியாது, நடுவில் மட்டும் தொடும். மிதிக்கும்போது ஷூ வளைந்து கொடுக்கும். அது காலுக்கு ஏர் மாதிரியே தெரியும். எத்தனை பேர் இதற்காக லிட்டர் லிட்டராக ஆயில் ஊற்றியிருக்கிறார்கள் தெரியுமா.

லைனிங் மேலே பள்ளிக்கூடத்துச் சாக்பீஸைத் தேய்த்து, டிரம்மை மாட்டி, லேசாக மிதித்தபடி ஒரு சுற்று சுற்றிவிட்டுக் கழற்றிப் பாருங்கள். சாக்பீஸ் அழிந்த இடம்தான் தொடுகிற இடம். நடுவில் இரண்டு விரல் அகலத்துக்கு மட்டும் அழிந்திருந்தால் ஷூவைக் கொண்டுவாருங்கள், டிரம் அளவுக்குத் தேய்த்துத் தருகிறோம். தூசியை வாயால் ஊதாதீர்கள். பழைய லைனிங்கில் கல்நார் இருக்கும், நுரையீரலுக்கு ஆகாது. ஈரத்துணியால் துடையுங்கள்.

ஒரு சந்தேகம்: சிலிண்டரை எதில் கழுவினார்கள்?

---

சத்துவாச்சாரி மைனர்:

பெட்ரோலில் கழுவியதாக ஞாபகம். தப்பா?

---

ராணிப்பேட்டை பழைய கராஜ்:

பெட்ரோல், மண்ணெண்ணெய், இன்ஜின் ஆயில், கிரீஸ் எதுவும் அந்த ரப்பர் பக்கமே போகக் கூடாது. கப் ஊதிப் பெருத்துவிடும். மாஸ்டரில் ஆயில் திரும்பி வர ஊசித்துவாரம் ஒன்று உண்டு. பெருத்த கப் அதை அடைத்தால் பிரேக் விடாது. வண்டி ஓட ஓட டிரம் சூடாகி, ஆயிலும் விரிந்து, சக்கரம் இறுகிக்கொண்டே போகும். சிலிண்டரைக் கழுவி நன்றாக உலரவிட்டுப் பிறகு கப் மாட்டியிருந்தால் பயமில்லை. அடுத்த தடவை உன் கடையில் இருக்கிற ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் கழுவு. கடைசியாகப் பிரேக் ஆயிலைத் தடவி மாட்டு.

பெடலில் கொஞ்சம் சும்மா ஆட்டம் இருக்கிறதா என்றும் பார். விரலால் அழுத்தினால் தொடக்கத்தில் தடையில்லாமல் அசைய வேண்டும். அந்த ஆட்டம் இல்லாவிட்டாலும் அதே துவாரம் அடைபடும், அதே கதைதான்.

---

சத்துவாச்சாரி மைனர்:

கிடைத்துவிட்டது!

ஞாயிறு காலை ஆறு மணிக்கே ஆரம்பித்தேன். ஏழு மணிக்கு மேல் எங்கள் ஊர் வெயிலில் காருக்கு அடியில் படுத்தால் மனுஷன் அப்பளம். இடது முன் சக்கரம் முதலில். ஓட்டை வழியாக டார்ச் அடித்தேன். ஒரு திருகுத் தலை தெரிந்தது, காடியில் ஸ்க்ரூ டிரைவர் பட்ட புதுக் கீறல், பித்தளை மாதிரி மின்னியது. மெக்கானிக் தொட்டது அது. டிரம்மை மெதுவாகச் சுற்றினேன். ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை, கறுப்பு, துரு. சரியாக எதிர்ப்பக்கம் வந்ததும் இன்னொரு தலை! காடி முழுக்க மண் அடைத்து மூடியிருந்தது. ஊசியை வைத்துக் கெல்லித்தான் காடியையே கண்டுபிடித்தேன். அதில் ஒரு கீறல் கிடையாது. நைனா காலத்துக்குப் பிறகு யாருமே அதைத் திருகவில்லை.

முதலில் அசையவே இல்லை. துருவுக்கு அடிக்கிற ஸ்பிரே அடித்தால் லைனிங்கில் படும் என்று பயந்து டிரம்மைக் கழற்றினேன். காட்டன் பட்ஸில் தொட்டு அட்ஜஸ்டரில் மட்டும் ஒரு சொட்டு வைத்துவிட்டு, டீ குடித்துவிட்டு வந்து மெல்ல முன்னும் பின்னும் ஆட்டினேன். 'கிடுக்' என்று ஒரு சத்தம். அதற்குப் பிறகு வெண்ணெய். டிரம்மைத் திரும்ப மாட்டி எண்ணினேன்: இடது பக்கம் 9 பல், வலது பக்கம் 11 பல் போனபிறகுதான் டிரம் நின்றது. மற்றதெல்லாம் ஐயா சொன்னபடியே.

உட்கார்ந்து பெடலை மிதித்தேன். முதல் மிதியிலேயே மூன்றில் ஒரு பங்கு போய் டக்கென்று நின்றது. மனைவியைக் கூப்பிட்டு மிதிக்கச் சொன்னேன். "இதுக்கா ரெண்டு நாள் என்னை 'மிதி, பிடி, விடு'ன்னு கத்தவச்சீங்க?" என்றாள். பதில் இல்லை என்னிடம்.

லேத் அண்ணா, டிரம் கழற்றியபோது சாக்பீஸ் சோதனையும் செய்தேன். டிரம் கடையவில்லை, பரவலாகவே அழிந்தது. ஆனால் வலது முன் பக்கம் ஷூவின் கீழ் நுனியில் நாலு விரல் அகலத்துக்கு ஈரமாக, கறுப்பாக இருந்தது. சர்வீஸ் ரோட்டில் ஓட்டிப் பார்த்தபோது பிரேக் பிடித்தால் ஸ்டியரிங் இடப்பக்கம் இழுக்கிறது. இரண்டும் ஒன்றா?

---

காட்பாடி லேத்:

ஒன்றேதான். வலது ஷூ வழுக்குகிறது, இடது மட்டும் பிடிக்கிறது, வண்டி பிடிக்கிற பக்கம் திரும்புகிறது. ஈரத்தை முகர்ந்து பாருங்கள், விரலில் தேய்த்தும் பாருங்கள். பிரேக் ஆயில் என்றால் மெல்லியதாக இருக்கும், அந்தப் பக்கத்துச் சிலிண்டரின் ரப்பர் உறையைத் தூக்கிப் பாருங்கள். கொழகொழ என்றால் ஹப்பில் கிரீஸை அள்ளி அடைத்திருக்கிறார்கள், சூட்டில் உருகி இறங்கியிருக்கிறது. எதுவானாலும் அந்த லைனிங்கைக் கழுவிக் காப்பாற்ற முடியாது, உள்ளே ஊறிவிடும். வலது பக்கம் மட்டும் மாற்றாதீர்கள், முன்னால் நாலு ஷூவுக்கும் ஒரே லைனிங் அடியுங்கள்.

---

சத்துவாச்சாரி மைனர்:

கிரீஸ்தான். முகர்ந்தேன், தேய்த்தேன். ஹப் மூடிக்குள் பொங்கல் பானை மாதிரி நிரப்பியிருந்தார்கள். செவ்வாய்க்கிழமை நாலு ஷூவோடு காட்பாடி வருகிறேன்.

ஐயா, எல்லாம் முடிந்ததும் ஏலகிரி போகலாமா? நைனா எங்களை அழைத்துக்கொண்டு போவார். 14 கொண்டை ஊசி வளைவையும் நாங்கள் பின் சீட்டில் சத்தம் போட்டு எண்ணுவோம்.

---

ராணிப்பேட்டை பழைய கராஜ்:

போகலாம், உடனே வேண்டாம். புது லைனிங் டிரம்மோடு பழகவேண்டும். முதல் இருநூறு, முந்நூறு கிலோமீட்டர் ஊருக்குள்ளேயே அதட்டாமல் ஓட்டு. அப்புறம் எல்லா அட்ஜஸ்டரையும் இன்னொரு தடவை பார், ஒரு பல்லாவது போகும். முன்னால் இரண்டிரண்டு, மறந்துவிடாதே.

ஆம்பூர் வரைக்கும் ஹைவேயில் ஒரு நடை போ. பிரேக்கை அதிகம் தொடாமல் ஓட்டி, பிரியாணிக் கடை வாசலில் தானாக உருண்டு நிற்கவிடு. இறங்கியதும் நாலு டிரம் பக்கத்திலும் கையைக் கொண்டுபோய்ப் பார். நாலும் ஒரே வெதுவெதுப்பாக இருக்கவேண்டும். ஒன்று மட்டும் சுட்டால் அங்கே ஷூ உரசுகிறது, ஒரு பல் பின்னால் விடு. அது சரியாக இருந்தால் அடுத்த வாரம் ஏலகிரி.

இறங்கும்போது இரண்டாவது கியர். எந்த வளைவில் எதிரே பஸ் வந்தாலும் கியர் மாற்றாதே. பாதி வழியில் பெடல் நீளமாகப் போகிற மாதிரி தெரிந்தால் டிரம் சூட்டில் விரிந்திருக்கிறது என்று அர்த்தம். ஓரமாக நிறுத்திப் பத்து நிமிஷம் குரங்குகளை வேடிக்கை பார். டிரம்மில் தண்ணீர் மட்டும் ஊற்றிவிடாதே, விரிசல் விடும்.

---

ஆட்டோநகர் பையன்:

ஐயா, என்கிட்டயும் ஒரு பழைய பியட் இருக்கு. அதுக்கும் இந்த மூணு மிதி சோதனை சரிவருமா?

---

ராணிப்பேட்டை பழைய கராஜ்:

வரும். டிஸ்க் போடுவதற்கு முன்னால் செய்து பார்த்துவிட்டு எழுது.